சேதி கொண்டுபோகும் ஆளா நீங்கள்?

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு உங்களிடம் கத்துகிறார். கடைசியில், "போய் உங்க டீம்கிட்ட சொல்லுங்க" என்கிறார். அவர் அறைக்கும் உங்கள் மேசைக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடி தூரம்தான். அதை நடந்து கடப்பதற்குள், டீமிடம் எதைச் சொல்வது, எதை உங்களோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். உணர்வு நுண்ணறிவு என்ற திறமைக்கு அலுவலகத்தில் முதல் பரீட்சை இங்கேதான். எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுபவர்கள்கூட இதில் தோற்றுப்போவார்கள்.

இதில் தேறிய ஒருவரைக் கிரிக்கெட்டில் பார்க்கலாம். 2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு இலக்கு 407. ஐந்தாவது விக்கெட்டாகப் புஜாரா வெளியேறியபோது ஸ்கோர் 272. தோல்வியைத் தவிர்க்க இன்னும் 42 ஓவருக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும். களத்தில் நின்ற ஹனுமா விஹாரிக்குப் பின்தொடைத் தசையில் காயம். ரன் ஓடவே முடியாது. எதிர்முனையில் அஸ்வினுக்கு முதுகுவலி. அன்று காலை குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட அவரால் முடியவில்லை.

டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து சக வீரர் ஷர்துல் தாக்கூர் ஓடிவந்தார். உள்ளே நிறைய யோசனைகளைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரோ, உள்ளே என்னென்னவோ சொன்னார்கள், நான் எதையும் சொல்லப்போவதில்லை, நன்றாக ஆடுகிறீர்கள், அப்படியே ஆடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். இதைப் பின்னாளில் அஸ்வினே சொன்னார். விஹாரி 161 பந்துகளில் 23, அஸ்வின் 128 பந்துகளில் 39. இருவரும் ஆட்டமிழக்காமல் நின்று டெஸ்ட்டை டிரா செய்தார்கள்.

ஷர்துல் செய்ததை அப்படியே காப்பியடித்துவிடாதீர்கள். அவர் தன்னோடு வைத்துக்கொண்டது யோசனைகளை. விவரம் எதையும் மறைக்கவில்லை. வாடிக்கையாளர் டெலிவரியை வெள்ளியிலிருந்து புதனுக்கு இழுத்துவிட்டார் என்றால், அந்த நிமிடமே டீமுக்குத் தெரிய வேண்டும். "இந்த டீம் எதுக்கும் லாயக்கில்லைன்னு திட்டினார்" என்பது தெரிய வேண்டியதில்லை. நல்ல யோசனையாகவே இருந்தாலும், கை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சொன்னால் அதுவே தடங்கல். குறித்துவைத்து ரிவ்யூ மீட்டிங்கில் சொல்லுங்கள். டீமிடம் என்ன சொன்னீர்கள், எதைச் சொல்லவில்லை என்பதை மேனேஜரிடமும் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் உங்கள் விவேகம் கீழ்ப்படியாமையாகத்தான் தெரியும்.

அதே ஆட்டத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அஸ்வினும் விஹாரியும் தங்கள் வலியை ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை. காலை நீட்டி ஆட விஹாரியால் முடியவில்லை. அதனால் சுழற்பந்து வீசும் நேதன் லயனை முடிந்தவரை அஸ்வின் சமாளிப்பது, வேகப்பந்தை விஹாரி பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். நம் அலுவலகங்களில் "சமாளிச்சுக்கிறேன் சார்" என்பதுதான் பெருமை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், இரவெல்லாம் தூக்கமில்லை என்பதை மாலை ஐந்து மணிக்கு வேலை கெட்டபிறகுதான் சொல்கிறோம். டீம் லீடாக இருந்தால் காலை மீட்டிங்கில், "இன்னைக்கு யாருக்கு எது கஷ்டம்?" என்று கேளுங்கள். முதலில் உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்; மற்றவர்களுக்கு வாய் வரும்.

ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் அன்று நிதானம் இழந்தார். விக்கெட் விழாத எரிச்சலில், ஸ்டம்புக்குப் பின்னால் நின்று அஸ்வினைச் சீண்டி வசைபாடினார். சிறிது நேரத்தில் விஹாரி கொடுத்த கேட்சையும் நழுவவிட்டார். அந்த நாளில் அவர் விட்ட மூன்றாவது கேட்ச் அது. ஆட்டத்தின் அழுத்தம் தன் மனநிலையைக் கெடுத்து ஆட்டத்தையும் பாதித்தது என்று மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார். கோபத்தில் அடித்த மெயிலை அனுப்பாதீர்கள், டிராஃப்டில் கிடக்கட்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெய்ன் அடுத்துச் செய்ததை நான் மதிக்கிறேன். ஆட்டம் முடிந்ததுமே அஸ்வினிடம் பேசிவிட்டு, மறுநாள் பத்திரிகையாளர்கள் முன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நீங்களும் டீம் முன்னால் ஒருவரிடம் கத்திவிட்டால், முதலில் அவரைத் தனியே பார்த்துப் பேசுங்கள். பிறகு, கத்தியபோது யார் யார் இருந்தார்களோ அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள். "டென்ஷன்ல சொல்லிட்டேன், ஆனா நீங்களும்..." என்று மட்டும் இழுக்காதீர்கள்.