புராசஸர் மாற்றப் போறீங்களா? பணம் கட்டும் முன் இந்த 5 விஷயங்களைப் பாருங்க!

கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கும் தொழிலா உங்களுக்கு? படித்துக்கொண்டே யூடியூப் சேனல் நடத்துகிறீர்களா? வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவீர்களா? அது திணற ஆரம்பித்ததும் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "புராசஸரை மாத்திடுங்க." மாற்றலாம். ஆனால் கோளாறு வேறு இடத்தில் இருந்தால், பல ஆயிரம் ரூபாய் செலவான பிறகும் வேகம் அப்படியேதான் இருக்கும். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

1. எங்கே அடைக்கிறது?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமான ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

• சிபியு 100 சதவீதத்திலேயே நின்றால், புராசஸர்தான் திணறுகிறது.
• மெமரி நிரம்பிவிட்டால், ரேம் கூட்டினாலே போதும்.
• டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.

டைம்லைனில் மட்டும் வீடியோ விட்டு விட்டு ஓடுகிறதா? இப்போதைய மொபைல்களும் கேமராக்களும் எடுக்கும் ஹெச்.265 வீடியோக்களை விரித்துக் காட்டுவது கம்ப்யூட்டருக்குச் சுமை. எடிட்டிங் மென்பொருளில் உள்ள 'ப்ராக்ஸி' வசதியைப் போட்டுப் பாருங்கள். எடிட் செய்ய மட்டும் சிறிய நகல் ஒன்றை அது உருவாக்கிக்கொள்ளும். பைசா செலவில்லை.

கேமுக்கு ஒரு எளிய சோதனை: ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், தடை கிராபிக்ஸ் கார்டில். ஏறவே இல்லை என்றால், பெரும்பாலும் புராசஸரில்.

2. உங்கள் போர்டு எதை ஏற்கும்?

புராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். அது பொருந்தாவிட்டால் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு எகிறிவிடும். 'சிபியு-இசட்' என்ற இலவச மென்பொருள் உங்கள் போர்டின் பெயரையும் சாக்கெட்டையும் காட்டும்.

இன்டெல்லில் 10, 11-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1200. 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. ஏஎம்டியில் 2017 முதல் வந்த பல ரைசன்களுக்கு ஒரே ஏஎம்4 சாக்கெட்தான். 2018-இல் பி450 போர்டோடு ரைசன் 5 2600 வாங்கியவர், பயாஸ் அப்டேட் செய்துவிட்டு 5000 வரிசைக்குப் போகலாம். போர்டும் ரேமும் அப்படியே இருக்கும். உங்கள் போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியல் இருக்கும். அதில் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

3. எந்த வேலை அதிகம்?

எக்ஸ்போர்ட் வேகத்துக்கு கோர் எண்ணிக்கை உதவும். கேமுக்கு ஒவ்வொரு கோரின் வேகமும் கேஷ் நினைவகமும் முக்கியம். ஏஎம்4-இலேயே உதாரணம் பாருங்கள்: ரைசன் 9 5900எக்ஸில் 12 கோர்; எடிட்டிங்குக்கு நல்லது. ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் 8 கோர்தான், ஆனால் எல்3 கேஷ் 96 எம்பி, கேமுக்கு நல்லது. இரண்டும் செய்பவருக்கு 8 கோர் கொண்ட 5700எக்ஸ் நடுவழி. அதன் மின் அளவு 65 வாட். மற்ற இரண்டும் 105 வாட் என்பதால் வலுவான கூலர் தேவை.

இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்காது. வீடியோவைக் கையாள உதவும் 'குயிக் சிங்க்' வசதியும் அதோடு போய்விடும். எடிட்டிங் செய்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

4. மாற்றும் நாளில்

பயாஸ் அப்டேட்டைப் பழைய புராசஸர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே வேலை செய்யாமல் போகலாம். எனவே யுபிஎஸ் அவசியம். உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை உள்ள நாளைத் தவிருங்கள். ஏஎம்4-இல் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். புராசஸரும் சேர்ந்து வந்து பின்கள் வளையும். சில நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்து, மின் இணைப்பை எடுத்த பிறகு, கூலரை லேசாகத் திருகி எடுங்கள். புதிய தெர்மல் பேஸ்ட் தடவ மறக்க வேண்டாம்.

5. பில் இல்லாமல் வாங்காதீங்க

சென்னை ரிச்சி தெருவோ, உங்கள் ஊர்க் கடையோ, ஆன்லைனோ, ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். அன்று மிச்சமாகும் தொகை, நாளை வாரண்டி கேட்கும்போது கைகொடுக்காது. பெட்டியில் வரும் புராசஸரா, பெட்டியில்லாத 'ட்ரே' வகையா என்பதையும் வாரண்டி யார் தருவார்கள் என்பதையும் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் புராசஸரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் பழுதாக இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அங்கே நீங்கள் காட்ட வேண்டிய முதல் ஆவணம், அந்த பில்தான்.