வில்லங்கச் சான்றில் வராத வாரிசுகள்

கேள்வி: ஐயா, திருவேட்டக்குடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டைத் தோட்டத்தோடு விலை பேசியிருக்கிறோம். கடற்கரை கூப்பிடு தூரம். விற்பவரின் தாத்தா பிரெஞ்சு ஆட்சியில் வாங்கிய சொத்து. பத்திரமும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. அவருடைய அப்பா 1990களில் இறந்துவிட்டார், உயில் கிடையாது. பிரான்ஸில் இருக்கும் அண்ணன் இவருக்குப் பவர் கொடுத்திருக்கிறார். கட்டிக்கொடுத்த அக்கா ஒருவரும் உண்டு. “அக்காவுக்கு நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று, பங்கு கேட்க மாட்டார்” என்கிறார். பட்டா இவர் பெயரில் இருக்கிறது. 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை. ஐந்து லட்சம் முன்பணம், பாதி ரொக்கமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, திருவேட்டக்குடி

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். விற்பவர் நாணயமானவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த வீட்டை முழுதாக விற்கும் உரிமை அவர் ஒருவர் கையில் இல்லை.

பதிவான ஆவணங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்த நேரமே சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பத்திரம் எதுவும் தேவையில்லை. ஆகவே சான்றிலும் ஒரு வரி இருக்காது. 30 வருடமாக யாரும் எதையும் பதிவு செய்யவில்லை என்பதைத் தவிர உங்கள் சான்று வேறெதையும் சொல்லவில்லை. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. பிள்ளைகளில் ஒருவர் பெயரில் பட்டா மாறியதாலேயே மற்றவர்களின் பங்கு அழிந்துவிடாது.

உங்கள் ஊர் இருக்கும் காரைக்கால் பகுதியில் வீடு வாங்குகிறவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இறந்தவரின் குடும்பம் எந்த வாரிசுச் சட்டத்தில் வருகிறது? பக்கத்து மயிலாடுதுறையிலோ நாகப்பட்டினத்திலோ யாரும் இதைக் கேட்பதில்லை. இங்கே கேட்டே ஆக வேண்டும். 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சொந்தச் சமய, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’ குடும்பத்தார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தபோது அவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் சேர்த்தே வந்தது. பிரெஞ்சு சட்டத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பங்கைத் தகப்பன் உயில் எழுதியும் பறிக்க முடியாது. பிரான்ஸில் இருக்கும் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராகவே இருந்தாலும் அதற்காக அந்தக் குடும்பம் ரெனோன்சான் ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு. துறவு ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று குடும்பத்தாரிடமே கேளுங்கள்.

சாதாரண இந்துக் குடும்பம் என்றே வைத்துக்கொள்வோம். தாத்தா இறந்தது 1963க்கு முன்பா பின்பா என்பதை இறப்புச் சான்றோடு பாருங்கள். முன்பு என்றால் அன்றைய வழக்காற்றுச் சட்டப்படி கணக்கு. மகன்கள் இருந்தால் மகள்களுக்கு அப்போது பங்கு கிடையாது. பின்பு என்றால் அத்தைமார்களும் வாரிசுகள். அடுத்தது அப்பா. அவர் இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தாரா? இதைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மனைவி, மகன்கள், மகள் இவர்களோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டியும் விற்பவரின் அம்மாவும் அப்போது இருந்திருந்தால் அப்பாவின் சொத்து ஐந்து சம பங்காகும். பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு பிறகு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு சித்தப்பா உங்கள் வீட்டில் பங்குதாரராக நிற்பார்.

அக்காவின் பங்கு சகோதரர்களின் பங்குக்குச் சமம். நகையும் சீரும் அதை ஈடுசெய்யாது. “கேட்க மாட்டார்” என்ற வாய்வார்த்தையை நம்பி வீடு வாங்காதீர்கள். அக்கா இன்று கேட்காமல் போகலாம், அவருடைய பிள்ளைகள் கேட்பார்கள். விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்கிறார் என்றால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரட்டும். அதைவிட, கிரயப் பத்திரத்தில் எல்லா வாரிசுகளோடும் சேர்ந்து கையெழுத்திடுவதே மேல். அவருக்கு ஒரு பங்குத் தொகை கொடுப்பதுதான் நியாயமும்கூட.

அண்ணனின் பவரை அசலில் பாருங்கள். விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். பிரான்ஸில் எழுதிய பவர் என்றால் அங்கே நோட்டரி முன்போ இந்தியத் தூதரகத்திலோ சான்று பெற்றிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பவரை வைத்து அண்ணனின் பங்கை மட்டும் விற்கலாம், அக்காவின் பங்கைத் தொட முடியாது. கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு முடிந்தது. அண்ணனோடு வீடியோ அழைப்பில் ஒருமுறை பேசிவிடுங்கள். வெளிநாட்டில் குடியிருப்பவரின் பங்குக்கான தொகையில் வருமான வரியை வாங்குகிறவர்தான் பிடித்துக் கட்ட வேண்டும். 50 லட்சத்துக்குக் கீழே வேண்டாம் என்ற சலுகை உள்ளூர்க்காரர் விற்கும்போதுதான். பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் கேட்கும்.

பிரெஞ்சுப் பத்திரத்தை மொழிபெயர்த்து வாங்குங்கள். அதிலுள்ள பழைய கதாஸ்தர் (பிரெஞ்சுக் கால நில அளவை) எண்ணும் இன்றைய மறுநில அளவை எண்ணும் ஒரே இடத்தைக் குறிக்கிறதா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். பரப்பைக் குழியில் எழுத விடாதீர்கள்: டெல்டாக் கணக்கில் குழி 144 சதுர அடி, புதுச்சேரிக் கணக்கில் 576. சதுர மீட்டரில் எழுதி நான்கு எல்லையும் குறிக்கச் சொல்லுங்கள். இந்தியப் பதிவுச் சட்டம் இங்கே வந்ததே 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாகத்தான். ஆகவே 30 வருடத்தோடு நிற்காமல், கிடைக்கும் காலம் வரைக்கும் வில்லங்கம் பாருங்கள்.

அடிமனை கோயிலுக்குச் சொந்தமா என்று இந்து சமய நிறுவனங்கள் துறையில் விசாரியுங்கள். காரைக்கால் கோயில்பத்தில் பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தைப் போலி ஆவணம் காட்டி மனை போட்டு விற்க முயன்ற வழக்கில் 2024இல் அரசு அதிகாரியே கைதானார். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். குடியிருப்பதில் தடை இல்லை. இடித்துக் கட்டவோ மாடி எடுக்கவோ நினைத்தால் திட்டக் குழுமத்தில் முதலில் கேட்டுவிட்டுத்தான் விலையை முடிக்க வேண்டும்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுகிறவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. பேச்சு முறிந்தால் உங்கள் கையில் சாட்சியும் இருக்காது. வாரிசுகள் யார் யார் என்று தெளிவான பிறகு, அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட கிரய ஒப்பந்தம் போடுங்கள். உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் அதில் எழுதுங்கள். பணம் வங்கி வழியாக, ஒவ்வொரு வாரிசின் கணக்குக்கும் அவரவர் பங்குப்படி நேராகப் போகட்டும்.