கேட்காமல் திறந்த கதவு

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கையும் நானும் ‘யங் ஜஸ்டிஸ்’ அனிமேஷன் தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து சேர்ந்தே பார்த்துவந்தோம். அவளுக்கு மெகன் என்றால் உயிர். இரண்டாவது சீசனில், கானரின் மனதுக்குள் மெகன் புகுந்து, அவன் தன்மேல் ஏன் கோபப்பட்டான் என்பதையே மறக்கடிக்கப் பார்த்தாள் என்று தெரிந்ததும் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். “நல்லவளைப் போய் இப்படி ஆக்கிட்டாங்க அண்ணா, இனிமே நான் பார்க்க மாட்டேன்” என்கிறாள். நான் மட்டும் நான்கு சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். சொந்தமாகக் கதை எழுதிப் பார்க்கும் ஆசையும் எனக்கு உண்டு. மெகனுக்கு நடந்தது பாத்திர வளர்ச்சியா, அல்லது அதிர்ச்சிக்காக எழுத்தாளர்கள் அவளைக் கெடுத்துவிட்டார்களா? தங்கைக்கு நான் என்ன சொல்வது?

பதில்: முதலில் உங்கள் தங்கையின் பக்கம் நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் எழுந்து போனது சரி. மெகன் செய்தது சின்னத் தப்பில்லை. காதலித்தவனின் நினைவில் அவனைக் கேட்காமல் கை வைப்பது பெரிய அத்துமீறல். அதைப் பார்த்து ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கோபம் வந்தால், அவள் கதையைக் கூர்ந்து பார்த்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

ஆனால் எழுத்தாளர்கள் அவளைக் கெடுத்துவிட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தத் தப்பின் விதை 2011-இலேயே, முதல் சீசனின் மூன்றாம் அத்தியாயத்திலேயே மண்ணில் விழுந்துவிட்டது. எல்லோர் கண்ணெதிரிலும்தான் ஊன்றினார்கள். நாம்தான் அவளுடைய சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘வெல்கம் டு ஹாப்பி ஹார்பர்’ என்ற அந்த அத்தியாயத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். குழு இப்போதுதான் சேர்ந்திருக்கிறது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த மெகனுக்கு எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும். பேச்சில்லாமலே மனதோடு மனம் பேசுவது அவள் ஊரில் சாதாரணம். அந்தப் பழக்கத்தில் சட்டென்று, பின்னால் கானர் என்று பெயர் பெறப்போகும் சூப்பர்பாயின் மனதுக்குள் நுழைகிறாள். அவன் வெடிக்கிறான், தன் தலையை விட்டு வெளியே போ என்று கத்துகிறான். ஏன் அவ்வளவு கோபம்? கேட்மஸ் ஆய்வுக்கூடத்தில் சூப்பர்மேனின் மரபணுவிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டவன் அவன். அவன் குழாய்க்குள் உறங்கிக்கொண்டிருந்தபோதே, குட்டி உயிரினங்கள் அவன் மூளைக்குள் புகுந்து பாடம் நடத்தின, அவனை ஆட்டிவைத்தன. அவனுக்குச் சொந்தமென்று இருந்தது அந்தத் தலை ஒன்றுதான், அதற்குள்ளும் வேறு யாரோ குடியிருந்தார்கள். பூமியில் இப்படிச் செய்வது பிறர் அந்தரங்கத்தில் நுழைவதாகும் என்று குழுவில் ஒருவனான கால்டர் அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொல்கிறான். அவள் முகம் வாடிப்போகிறது. மனப்பூர்வமாக வருந்துகிறாள். நாமும் மன்னித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம்.

சில வருடம் கழித்து அவள் செய்வதும் இதேதான். அன்று தெரியாமல் செய்தாள், பின்னால் தெரிந்தே செய்தாள்.

இடையில் நடந்தவற்றைத்தான் நீங்கள், எழுதப்போகிறவர் என்ற முறையில், கவனிக்க வேண்டும். தொடரை உருவாக்கிய பிராண்டன் வியெட்டியும் கிரெக் வைஸ்மனும் இந்த இருவருடைய காதலை எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள் தெரியுமா? அதே வாசல் வழியாகத்தான். ஒன்பதாம் அத்தியாயம் ‘பெரெஃப்ட்’. பாலைவனத்தில் குழு முழுவதும் ஆறு மாத நினைவை இழந்து கிடக்கிறது. மற்றவர்களுக்கு ஆறு மாதம் போனால் பழைய வாழ்க்கை மிச்சம் இருக்கும். சூப்பர்பாய்க்கு வயதே அவ்வளவு ஆகவில்லை, அவனுக்கு எல்லாமே போய்விட்டது. தான் யார் என்றே தெரியாமல் மிருகம்போல் அலைகிறான். மெகன் அவன் மனதுக்குள் போய்த் தன் நினைவுகளைக் கொடுத்து அவனை மீட்கிறாள். எந்தக் கதவைத் தட்டாமல் திறந்ததற்கு அவன் கத்தினானோ, அதே கதவைத் திறந்துதான் அவனைக் காப்பாற்றவும் செய்கிறாள். கொஞ்ச நாளில் காதல்.

இங்கே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். மெகன் பச்சை நிறப் பெண்ணாக உலவினாலும் உண்மையில் வெள்ளைச் செவ்வாய் இனத்தவள். செவ்வாயில் அந்த இனத்தைத் தாழ்வாக நடத்துகிறார்கள். தன் நிஜ உருவத்தைப் பார்த்தால் நண்பர்கள் விலகிவிடுவார்கள் என்ற பயத்தில் அதை மறைத்தே வாழ்கிறாள். முதல் சீசனின் 25-ஆம் அத்தியாயத்தில், இனியும் முடியாது என்றானபோது எல்லோர் முன்னாலும் அந்த உருவத்தைக் காட்டுகிறாள். அப்போது கானர் சொல்வது என்ன? பாலைவனத்தில் மனம் கலந்தபோதே எனக்குத் தெரியும், நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன் என்கிறான். தெரிந்தும் பல மாதம் அவன் வாய் திறக்கவில்லை. அவள் மனதில் இருந்த ரகசியம் அவன் கையில் இருந்தது, அவன் அதைத் தொடவில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவளுடைய மனதில் தான் கண்டதைத் தொடாமல் காத்திருந்தான் அவன். அவனுடைய மனதில் தான் கண்ட கோபத்தைத் தாங்க முடியாமல் அழிக்கப் பார்த்தாள் அவள். உறவு அந்த இடத்தில் முறிந்ததற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

சரி, இவ்வளவு அன்பானவள் ஏன் அந்த நிலைக்குப் போனாள்? அவளுடைய கனவைப் பாருங்கள். செவ்வாயில் இருந்தபோது பூமியின் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்து ஏங்கியவள் அவள். ‘ஹலோ, மெகன்!’ என்பது அதன் பெயர். எதையாவது மறந்துவிட்டால் உள்ளங்கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டு “ஹலோ, மெகன்!” என்பாளே, உங்கள் தங்கையும் அதைச் செய்து பார்த்திருப்பாள், அது அந்தத் தொடரிலிருந்து எடுத்தது. முகம், சிரிப்பு, பெயர் எல்லாம் அந்த நாயகியிடமிருந்து எடுத்தவை. சூப்பர்பாய்க்குக் கானர் என்ற பெயரை யோசனை சொன்னதும் இவள்தான். அந்தத் தொடரில் நாயகியின் காதலன் பெயர் கானர் என்பது 21-ஆம் அத்தியாயமான ‘இமேஜ்’ வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. பெயரில்லாமல் நின்ற ஒருவனுக்குத் தன் கனவில் இருந்த பெயரைச் சூட்டியிருக்கிறாள். முதல் முறை பார்க்கும்போது அது இனிக்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது நெஞ்சில் லேசாக ஏதோ குத்துகிறது.

வேதனையை இருபது நிமிடத்துக்குள் சரிசெய்துவிடும் குடும்பத் தொடரைப் பார்த்து வாழ்க்கையைக் கற்றுக்கொண்டவள் அவள். காதலனின் கோபம் அவளுக்குக் காட்சியில் வந்த ஒரு பிழைபோலத் தெரிந்திருக்கும். அழித்துத் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். திருத்தும் சக்தியும் அவளிடம் அளவுக்கு மீறி இருந்தது. ‘ஃபெயில்சேஃப்’ அத்தியாயத்தில் ஒரு மனப்பயிற்சியாகத் தொடங்கியது அவளையறியாமல் எல்லோருக்கும் நிஜ மரணமாகத் தோன்றும் அளவுக்குக் கைமீறிப் போனது நினைவிருக்கும். அடுத்த அத்தியாயத்தில் அவள் தன் சக்தியைக் கண்டே அஞ்சுகிறாள். அந்த அச்சம் எப்போது, எப்படிப் போயிற்று என்பதைத் தொடர் காட்டவில்லை. ஐந்து வருட இடைவெளிக்குப் பின் நாம் அவளைப் பார்க்கும்போது, எதிரியின் மூளையைக் கிழித்துத் தகவல் எடுத்துவிட்டு, அவன் நினைவற்றுக் கிடப்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல் நடந்து போகிறாள். எதிரிதானே என்பது அவள் நியாயம். அந்தப் பழக்கத்தைக் கானர் கண்டித்தான். அதில் வந்த சண்டையைத்தான் அவள் மறக்கடிக்கப் பார்த்தாள். முன்பே அவளுடைய மனம் தன் மனதில் உலவியதை அனுபவித்தவன் என்பதால் அந்தத் தொடுகையை அவன் கண்டுகொண்டான்.

இந்த ஐந்து வருடத் தாவலைப் பற்றிப் பலர் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது துணிச்சலாகவே படுகிறது. முதல் சீசன் ஒரு ஜூலை 4-இல் தொடங்கிப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் முடிகிறது. திரையின் ஓரத்தில் தேதியும் நேரமும் வந்துகொண்டே இருக்கும். அப்படி நாள் எண்ணிச் சொன்ன கதை திடீரென்று ஐந்து வருடத்தை விழுங்கும்போது, பள்ளி நண்பனை நெடுநாள் கழித்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது. முதல் சீசனில் ராபினாக இருந்த டிக் இப்போது நைட்விங். ராபின் உடையில் வேறொரு பையன். இருவருக்கும் நடுவே அந்த உடையில் இருந்த இன்னொருவன் குகையில் நினைவுச் சின்னமாக நிற்கிறான். யாரும் உட்கார்ந்து விளக்கம் சொல்வதில்லை.

டிக்கைத் தொட்டதால் ஒரு வார்த்தை. பேட்மேன்போல ஆக வேண்டும் என்று வளர்ந்த அவன், ‘டிஸார்டர்டு’ அத்தியாயத்தில் குழுவின் பயிற்சியாளர் பிளாக் கேனரியின் முன்னால் உட்கார்ந்து, இனி எனக்கு அப்படி ஆக வேண்டாம் என்கிறான். காரியத்துக்காக எதையும் பலிகொடுக்கும் அந்தக் குணம் தன்னிடம் இல்லை என்கிறான் பதின்மூன்று வயதுப் பையன். இரண்டாம் சீசனில் அவன் என்ன செய்கிறான்? குழுத் தோழி ஆர்ட்டெமிஸ் இறந்துவிட்டதாக நாடகமாடி, ஏற்கெனவே துரோகி வேடத்தில் எதிரிக் கூட்டத்துக்குள் இருக்கும் கால்டரிடம் அவளையும் அனுப்பும் திட்டத்துக்குத் துணைபோகிறான். நெருங்கிய நண்பர்களை நிஜமாகவே அழவிடுகிறான். மெகனும் டிக்கும் ஒருவருக்கொருவர் கண்ணாடி. எதைக் கண்டு பயந்தார்களோ, அதுவாகவே இருவரும் கொஞ்சம் மாறிப்போனார்கள்.

அந்த ரகசியமும் மெகனின் பழக்கமும் மோதுகிற இடம்தான் இரண்டாம் சீசனின் உச்சம். தோழியைக் கொன்றவன் என்று நம்பிக் கால்டரின் மனதை நொறுக்குகிறாள். நொறுக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே உண்மை தெரிகிறது. அவன் துரோகி இல்லை, ஆர்ட்டெமிஸ் உயிரோடு இருக்கிறாள். அன்று அந்தரங்கம் என்றால் என்ன என்று அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவனும் இதே கால்டர்தான். பிறகு எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலில், அவன் மனதின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டிய பொறுப்பும் அவள் தலையிலேயே விழுகிறது. தண்டனையும் பிராயச்சித்தமும் ஒரே வேலையாக அமைந்த காட்சி அது.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் சீசனில் இருந்தவை இருபது அத்தியாயங்கள்தான். அதற்குள் புதிது புதிதாக ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அதனால் மெகனின் வருத்தம் அவசரமாக முடிகிறது. அவளால் நினைவிழந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தொடர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கானரைப் பிரிந்த வலியை மறக்க அவள் சேர்த்துக்கொண்ட லாகானுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. உன்னிடம் ஆறுதல் தேடித்தான் வந்தேன் என்று அவள் ஒப்புக்கொண்டதோடு அவன் கதை ஓரமாகப் போய்விடுகிறது. நீங்கள் எழுதும்போது இந்தத் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாயகி திருந்துவதைக் காட்டும் ஆர்வத்தில் அவளால் காயப்பட்டவர்களை மறந்துவிடக் கூடாது.

இனி எழுதுவதைத் தங்கைக்குக் காட்ட வேண்டாம், அவள் பார்க்காத பகுதி. 2013-இல் நின்றுபோன தொடர் 2019-இல் மூன்றாம் சீசனுடன் திரும்பி வந்தபோது கானரும் மெகனும் மறுபடி சேர்ந்திருந்தார்கள். திருமண நிச்சயமும் ஆகிறது. அங்கேயும் மெகன் பேட்மேனுடனும் டிக்குடனும் சேர்ந்து ஒரு ரகசியத் திட்டத்தைக் கானரிடமிருந்து மறைக்கிறாள். அது தெரியவரும்போது பழைய காயம் மறுபடி வலிக்கிறது. இதை நான் பலவீனமாக நினைக்கவில்லை. திருந்தியவர்கள் மறுநாளே புது மனிதராகிவிடுவதில்லை, அதே பள்ளத்தில் மறுபடி கால் இடறும். ஆனால் இம்முறை அவள் அவன் மனதுக்குள் போகவில்லை. அவன் கோபத்தை முகத்துக்கு நேராக வாங்கிக்கொள்கிறாள். இருவருக்கும் திருமணம் முடிய நான்காம் சீசனின் கடைசி அத்தியாயம் வரை, 2022 வரை, ஆயிற்று.

தங்கையை வற்புறுத்திப் பார்க்க வைக்காதீர்கள். என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழசைப் பார்க்கலாமா என்று கேட்டு அந்த மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் போடுங்கள். சூப்பர்பாய் கத்துகிற இடம் வரும்போது நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். மெகன் நெற்றியைத் தட்டிக்கொள்வதைப் பார்த்து முன்பு சிரித்தவள் இம்முறை என்ன செய்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.