வெள்ளரிக் கொடியில் சாம்பல் நோய்



சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவுகிற தண்ணீர் போகும் இடத்தில் பசுமைப் படை சார்பாக நாங்கள் வெள்ளரி போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். 14 கொடிகளில் 6 கருகிப் போனதும் தெரியும். "வெள்ளை நோய் வந்து செத்துப் போச்சாம்" என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நோய் வந்தது உண்மை. ஆனால் அந்த ஆறையும் கொன்றது நோய் இல்லை, நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விதை எங்க ஆச்சி கொடுத்தது. வருஷா வருஷம் ஒரு காயைப் பறிக்காமல் கொடியிலேயே பழுக்கவிட்டு, விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்பார். இந்த வருஷம் டப்பாவில் 16 விதைதான் இருந்தது. "பூராத்தையும் போட்டுராதல, கொஞ்சம் மிச்சம் வையி" என்றார். நான் பூராத்தையும் போட்டேன். பொங்கல் லீவு முடிந்த வாரம், நான்கு குழி, குழிக்கு நான்கு விதை. 14 முளைத்தது. குழிக்கு இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும் என்று சார் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடி இலைக்குக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை என்றாகிவிட்டது.

பிப்ரவரி கடைசியில் பூ எடுத்துப் பிஞ்சு விடும் நேரத்தில், வேப்பமர நிழல் பக்கத்து இலைகளில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன். அந்த வாரம்தான் ஆண்டு விழாவுக்காகச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். சுண்ணாம்பு தெறித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, மாவு தூவியது மாதிரி ஆகிவிட்டது.

அறிவியல் சாரிடம் ஒரு இலையைக் கொண்டுபோனேன். அவர் பதில் சொல்லவில்லை, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டார். சுவரில் சுரண்டி எடுத்த சுண்ணாம்பு நுரைத்தது. இலை நுரைக்கவில்லை. பிறகு செல்லோடேப்பை இலைமேல் ஒட்டி எடுத்து, அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பார்த்ததும் அசந்துபோனேன். கண்ணாடி நூல் மாதிரி இழைகள், அதிலிருந்து நிமிர்ந்து நிற்கிற காம்புகள், காம்பு நுனியில் பாசிமணி கோத்தது போல முட்டை வடிவ வித்துகள். "இதுதாம்ல சாம்பல் நோய். நீ வெள்ளைன்னு பாத்தது பூராம் பூஞ்சை" என்றார்.

இந்தப் பூஞ்சையின் உடம்பு முக்கால்வாசி இலைக்கு வெளியிலேதான் இருக்கிறது. உறிஞ்சு உறுப்பை மட்டும் இலையின் மேல்தோல் செல்லுக்குள் இறக்கிச் சத்தை எடுக்கும். பாடத்தில் படித்த கஸ்குட்டா கொடி மாதிரி. அதனால் விரலால் துடைத்தால் வெள்ளை போவது போலத் தெரியும், இரண்டு நாளில் திரும்ப வரும். உயிருள்ள செடியில்தான் இது வாழும். வித்துகள் காற்றில் பறந்து போகும். நல்ல இலையில் விழுந்தால் ஒரு வாரத்துக்குள் புதுப் புள்ளி தெரியும். பூசணிக்கும் பரவும். (பூசணி இலையில் நரம்பு ஓரமாக இயல்பாகவே வெள்ளித் திட்டு இருக்கும். அது நோய் இல்லை, துடைத்தால் போகாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

மற்ற பூஞ்சைகளைப் போல இதன் வித்து முளைக்க இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கினால் வித்து கெட்டுப்போகும். "மழை பெஞ்சா வெள்ளை போயிரும்" என்று ஆச்சி சொன்னது சரிதான். உடனே நான், "அப்போ தினமும் சாயங்காலம் இலைமேல தண்ணி பீச்சி அடிக்கலாமா சார்?" என்று கேட்டேன். அடித்தால் இன்னொன்று வரும் என்றார். அதன் பெயர் அடிச்சாம்பல் நோய். இலையின் மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே, கட்டம் போட்டது போல மஞ்சள் புள்ளி விழும். காலையில் பனி காயும் முன் இலையைத் திருப்பிப் பார்த்தால் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம் தெரியும். இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் அதற்குக் கொண்டாட்டம். பெயரில் சாம்பல் இருந்தாலும் அது உண்மையான பூஞ்சையே இல்லை, பழுப்புப் பாசிகளுக்குச் சொந்தம். ஒன்று ஈரத்தில் வளரும், ஒன்று காய்ந்த நாளிலும் வளரும். பெயரை மாற்றிப் புரிந்துகொண்டால் வைத்தியமும் மாறிப்போகும்.

இனி என் கதை. "திங்கக்கிழமை பாத்துச் செய்வோம்" என்றார் சார். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் மிளகாய்ச் செடிக்கு வாங்கிய கந்தகத் தூள் இருந்தது. மிளகாயில் வரும் சாம்பல் நோய்க்கு அது நல்ல மருந்துதானே! சனிக்கிழமை மத்தியானம் 12 மணிக்குப் பழைய துணியில் மூட்டையாகக் கட்டி, ஒரு ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். தூள் 6 கொடிக்குத்தான் போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் அந்த 6 கொடியும் தீயில் வாட்டியது மாதிரி இருந்தது.

வெள்ளரிக் குடும்பத்துக்குக் கந்தகத் தூள் ஒத்துக்கொள்ளாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்தச் செடியையும் கந்தகம் சுடக்கூடும். போதாக்குறைக்கு, சிவப்பு வண்டுக்காக அந்தப் புதன்கிழமைதான் நான் வேப்பெண்ணெய் அடித்திருந்தேன். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் போடவே கூடாதாம். மூன்று தப்பையும் ஒரே நாளில் செய்திருக்கிறேன். சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மீதி 8 கொடிக்கு என்ன செய்தோம் என்றால், பாதிக்குமேல் வெளுத்த அடி இலைகளைக் காலையில் மெதுவாகக் கிள்ளிப் பைக்குள் போட்டு அப்புறப்படுத்தினோம். எல்லா இலையையும் கிள்ளவில்லை, பிஞ்சுக்கு நிழல் வேண்டும். பின்னிக் கிடந்த கொடிகளைப் பிரித்துக் குச்சி நட்டு ஏற்றிவிட்டோம். தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றினோம். அப்புறம் பால். சிரிக்காதீர்கள்! பிரேசில் நாட்டு விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல் 1999-ல் சுரைக்காய் போன்ற சுக்கினிச் செடியில் சாம்பல் நோய்க்குப் பசும்பாலைத் தெளித்துப் பலன் கண்டு கட்டுரை வெளியிட்டார். 100 மில்லி பால், 900 மில்லி தண்ணீர். இலையின் இரண்டு பக்கமும் நனைய, வாரம் ஒருமுறை. நாங்கள் காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறும் முன்பே அடித்தோம். முழுக்க வெளுத்த இலையைப் பால் திரும்பப் பச்சையாக்காது. புது இலையைக் காப்பாற்றும், அவ்வளவுதான். நான்கு வாரம் அடித்தோம். கொழுந்து இலைகள் சுத்தமாக வந்தன. பழைய இலைகளில் இன்னும் வெள்ளை இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

பிஞ்சைச் சாப்பிடலாமா என்று ஆறாம் வகுப்புத் தம்பிகள் கேட்டார்கள். இந்தப் பூஞ்சை காயைப் பெரும்பாலும் தொடாது, இலையைத்தான் பிடிக்கும். இலை போனால் காய் சிறுத்துப்போகும், குறைவாகக் காய்க்கும். நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். போன வெள்ளிக்கிழமை சத்துணவோடு ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தது அந்த 8 கொடியில் காய்த்ததுதான்.

ஆச்சியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. வேப்பமரத்துக்கு எதிர்ப்பக்கம், மூன்றாவது குச்சியில் நோய் குறைவாக இருக்கும் கொடியில் ஒரு காய்க்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அது விதைக்கு. மஞ்சளாகிப் பழுக்கும் வரை தயவுசெய்து அதை யாரும் பறிக்க வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்