சோதனை சொல்வதும் சட்டம் கேட்பதும்: தந்தைமை குறித்து ஒரு விளக்கம்

மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் சில வேளைகளில் தாம் தேடிவராத ஒரு கேள்வியோடு வீடு திரும்புகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் குழந்தையின் இரத்த வகை பார்க்கப்படுகிறது. தந்தை இரத்தம் கொடுக்க முன்வருகிறார். இருவரின் அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் உறவினர் ஒருவர், "இது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டுவிடுகிறார். மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்த தந்தைக்குச் செய்யப்படும் திசுப் பொருத்தச் சோதனையிலும் இத்தகைய ஐயம் எழுவதுண்டு. அந்தப் பதற்றத்தில் எடுக்கப்படும் முடிவு ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடும். எனவே சோதனையை நாடுமுன் இரண்டு செய்திகளை அறிந்துகொள்வது நலம். சோதனை எதைச் சொல்ல வல்லது என்பது ஒன்று. அந்த விடையை நம் நாட்டுச் சட்டம் எவ்வாறு எடுத்துக்கொள்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவதே பல துயரங்களுக்குத் தொடக்கமாகிறது.

இரத்த வகை தரும் விடை

ஏ, பி, ஏபி, ஓ என்னும் இரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் ஒன்றைத் தாயிடமிருந்தும் ஒன்றைத் தந்தையிடமிருந்தும் குழந்தை பெறுகிறது. பெற்றோர் இருவரும் ஓ வகையினராயின் குழந்தையும் ஓ வகையாகவே இருத்தல் வேண்டும். ஓ வகைத் தந்தைக்கு ஏபி வகைக் குழந்தை பிறப்பது பொது விதிக்குப் புறம்பானது. ஆயினும் வகை பொருந்துவதால் தந்தைமை உறுதியாவதில்லை. அதே வகை கோடிக்கணக்கான ஆண்களுக்கு இருக்கும்.

பொருந்தாமையையும் உடனே முடிவாகக் கொள்ளலாகாது. 1952ஆம் ஆண்டு பம்பாய் நகரில் கண்டறியப்பட்டதால் 'பம்பாய் இரத்த வகை' எனப் பெயர்பெற்ற அரிய வகை ஒன்று உண்டு. இவ்வகையினர் வழக்கமான சோதனையில் ஓ வகையினராகவே தோன்றுவர். எனினும் அவர்களுடைய உடலில் ஏ அல்லது பி மரபணு மறைந்திருந்து, பிள்ளைகளிடம் வெளிப்படக்கூடும். அத்தகைய தந்தையை அட்டையின் எழுத்தை மட்டும் கொண்டு ஐயுறுவது பெரும் அநீதியாகும். இவையன்றி, பழைய அட்டையில் வகை தவறாக எழுதப்பட்டிருப்பதும் உண்டு. எனவே பொருத்தமின்மை தென்பட்டால், முதலில் செய்யவேண்டியது இருவருக்கும் இரத்த வகையை மீண்டும் முறையாகப் பார்ப்பதேயாகும்.

மரபணுச் சோதனை செயற்படும் விதம்

1984ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டறிந்தார். இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இம்முறையை வளர்த்தெடுத்தார். கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் நடந்த ஜீவனாம்ச வழக்கொன்றில் தந்தைமையை நிறுவ அம்மையத்தின் சான்று 1989இல் பயன்பட்டது.

நம் மரபணுத் தொடரில் சிறு எழுத்துக் கோவைகள் மீண்டும் மீண்டும் அடுக்கி வரும் இடங்கள் பல உள்ளன. ஒரு கோவை எத்தனை முறை அடுக்கப்பட்டிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஏறத்தாழ இருபது இடங்களில் குழந்தையின் எண்ணிக்கைகளை ஆய்வகம் கணக்கிடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒன்று தாயிடமிருந்து வந்திருக்கும். எஞ்சியது தந்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும். எல்லா இடங்களும் பொருந்தினால் தந்தைமைக்கான வாய்ப்பு 99.9 விழுக்காட்டுக்கும் மேல் எனக் கணிக்கப்படுகிறது. பல இடங்களில் பொருந்தாவிடில் அவர் தந்தையல்லர் என அறிவிக்கப்படுகிறது. ஓரிடத்தில் மட்டும் பொருந்தாமை இயல்பான மரபணு மாற்றத்தாலும் நேரலாம் என்பதால், அதைக் கொண்டு எவரையும் விலக்குவதில்லை.

சில வேளைகளில் சோதனையே வழிதவறக்கூடும். எலும்பு மச்சை மாற்று சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தில், மச்சை கொடுத்தவரின் மரபணுவே காணப்படும். அவருடைய இரத்தத்தைக் கொண்டு தந்தைமையைப் பார்த்தால் விடை பிழையாகும். அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவரின் மாதிரியிலும் குழப்பம் நேரலாம். உருவொத்த இரட்டையரில் எவர் தந்தை என்பதை வழக்கமான சோதனை பிரித்தறியாது. எனவே மாதிரி கொடுக்குமுன் இச்செய்திகளை ஆய்வகத்திடம் தெரிவித்தல் இன்றியமையாதது.

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தந்தைமைச் சோதனை செய்யலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். 1994ஆம் ஆண்டின் கருவறிதல் தொடர்பான சட்டம், பேறுகாலத்துக்கு முந்தைய கண்டறிதல் முறைகளைக் குறிப்பிட்ட மரபுக் கோளாறுகளையும் பிறவிக் குறைகளையும் அறிவதற்கே அனுமதிக்கிறது. தந்தைமையை அறிவது அப்பட்டியலில் இல்லை.

சட்டம் கேட்கும் கேள்வி

ஆய்வகம் 'இக்குழந்தை யாருடைய அணுவிலிருந்து பிறந்தது?' என்று கேட்கிறது. சட்டமோ, 'இக்குழந்தைக்கு யார் பொறுப்பு?' என்று கேட்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு இதற்கு விடை வகுத்தது. சட்டப்படியான மணவாழ்வு நிலவும்போது பிறந்த குழந்தையும், மணவாழ்வு முடிவுற்றுத் தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாட்களுக்குள் பிறந்த குழந்தையும் அக்கணவரின் குழந்தையே என்பது அவ்விதி. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடுவதற்கான வாய்ப்பே இருந்ததில்லை என நிறுவினாலன்றி, அந்த முடிபை அசைக்க இயலாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 116ஆம் பிரிவிலும் இதே விதி தொடர்கிறது.

மரபணுச் சோதனை பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விதி இன்றும் ஏன் நிற்கிறது? பெரியோர் இருவரின் பூசலில், பேசவியலாத மூன்றாம் உயிராகிய குழந்தை தன் பெயரையும் பாதுகாப்பையும் இழந்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

நீதிமன்றம் சோதனைக்கு ஆணையிடும் தருணம்

ஐயம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இரத்தச் சோதனைக்கு ஆணையிடலாகாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. கூடுவதற்கு வாய்ப்பில்லை என்பதற்கு வலுவான முதல்நோக்குக் காரணம் வேண்டும். குழந்தைக்கும் தாய்க்கும் நேரக்கூடிய விளைவுகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். எவரையும் கட்டாயப்படுத்தி இரத்தம் எடுக்கலாகாது என அத்தீர்ப்பு கூறியது.

2014இல் மற்றொரு வழக்கு வந்தது. நீதிமன்ற ஆணைப்படி இருமுறை நடந்த சோதனைகளிலும் கணவர் தந்தையல்லர் என்று தெரியவந்தது. சட்டத்தின் அனுமானத்துக்கும் அறிவியல் நிறுவிய உண்மைக்கும் முரண்பாடு எழும்போது உண்மையே மேலோங்க வேண்டும் எனக் கருதிய நீதிமன்றம், அக்குழந்தைக்கான ஜீவனாம்சப் பொறுப்பிலிருந்து அவரை விடுவித்தது.

இத்தீர்ப்பைப் படித்துவிட்டு, இனி எல்லா வழக்கிலும் சோதனையே முடிவு என எண்ணிவிடலாகாது. 2023இல் உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கில், கணவர் தனியார் ஆய்வகமொன்றில் தாமே சோதனை செய்வித்து, தாம் தந்தையல்லர் என்னும் அறிக்கையைக் கையில் வைத்திருந்தார். மனைவியின் நடத்தையை மெய்ப்பிக்கக் குழந்தைக்குச் சோதனை வேண்டும் என்றார். நீதிமன்றம் மறுத்தது. மணமுறிவுப் போரில் குழந்தையைக் கருவியாக்கலாகாது. தன் பிறப்பு பொதுவெளியில் ஐயத்துக்குள்ளாகாதிருக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்பது அதன் கருத்து.

நோயாளிகளின் நிலைக்கு மிக நெருங்கிய வழக்கு 2025 ஜனவரியில் தீர்க்கப்பட்டது. மருத்துவச் செலவுகளால் நெருக்கடிக்குள்ளான கேரள இளைஞர் ஒருவர், தாயின் கணவரல்லாத வேறொருவரே தம்முடைய தந்தை என்று கூறி, அவரிடம் ஜீவனாம்சம் கேட்டார். அவர் பிறந்த காலத்தில் தாயும் கணவரும் ஒன்றாக வாழ்ந்திருந்தனர். எனவே சட்டத்தின் பார்வையில் கணவரே தந்தை என்றும், தந்தையெனச் சுட்டப்பட்டவரைச் சோதனைக்கு உட்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

குருதிவழித் தந்தையின் உரிமைகள்

இவற்றிலிருந்து, குருதிவழித் தந்தைக்கு என்ன உரிமை என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது விளங்கும். அவர் எந்நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

தாயை முறைப்படி மணந்தவராயின், தம் தந்தைமையை நிறுவ அவருக்குச் சோதனையே தேவையில்லை. பிரிந்து வாழ நேரினும் குழந்தையைப் பார்க்கவும் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும் கோரலாம். எனினும் தந்தையின் உரிமையைவிடக் குழந்தையின் நலனே நீதிமன்றத்துக்கு முதன்மையானது.

தாயும் தந்தையும் மணம் செய்துகொள்ளாதவராயின் நிலை வேறு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, அக்குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் முதலில் தாய். அவருக்குப் பின்னரே தந்தை. மணமாகாத தாய், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலேயே தனிக் காப்பாளராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தை உரிமை கோர விரும்பினால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். பிற சமயத்தவர்க்கு அவரவர் தனிச்சட்டம் பொருந்தும். ஆனால் கடமை இவ்வாறு மாறுவதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி, மணத்திற்குள் பிறந்ததாயினும் வெளியே பிறந்ததாயினும், தன்னைக் காத்துக்கொள்ள இயலாத குழந்தைக்குத் தந்தை ஜீவனாம்சம் வழங்க வேண்டும்.

தாய் வேறொருவரின் மனைவியாக இருக்கையில் பிறந்த குழந்தைக்குத் தாமே தந்தை என்பவரின் வழி மிகக் குறுகியது. கணவனும் மனைவியும் கூட வாய்ப்பே இல்லை என்பது நிறுவப்படாதவரை, மரபணு அவர் பக்கம் இருப்பினும் சட்டம் கணவர் பக்கமே நிற்கும்.

விந்தணுக் கொடையாளரின் நிலை ஐயத்துக்கு இடமற்றது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியரின் குழந்தையேயாகும். கொடையாளர்க்குப் பெற்றோருக்குரிய உரிமை எதுவும் இல்லை.

ஐயம் எழுந்தால் செய்யத்தக்கன

சிகிச்சையின் நடுவே ஐயம் எழுந்தால், முதலில் சிகிச்சை முடியட்டும். நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே இப்பேச்சை எடுக்க வேண்டாம். ஐயத்தை உறவினரிடம் பகிராது, மருத்துவரிடமோ மரபியல் ஆலோசகரிடமோ தனியே கேளுங்கள். முடியையோ பல் தூரிகையையோ மறைவாக எடுத்து அனுப்புவதைத் தவிருங்கள். மாதிரி கொடுப்பவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, முத்திரையிட்டு, கைமாறிய வரலாற்றைப் பதிவு செய்யாத அறிக்கைக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் கிடைப்பது அரிது. ஆனால் வீட்டில் அது விளைக்கும் புண் ஆறுவதும் அரிது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சட்ட ஆலோசனை தேவைப்படின், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறத் தகுதியுடையவர்கள். இக்கட்டுரை பொது அறிவுக்கானது. ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் தனித்தன்மை உடையதாதலால், முடிவெடுக்குமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

இறுதியாக, மாதிரி கொடுக்குமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி ஒன்று உண்டு: 'விடை எதுவாயினும், நாளைக் காலையில் இக்குழந்தைக்கு நான் என்ன செய்வேன்?' இதற்கு விடை தெரியாதவர்கள் சோதனையைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். அறிக்கை ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால், அதில் உள்ளதை அறியாதிருந்த நாளுக்கு எவராலும் திரும்பிச் செல்ல முடியாது.