மாவடு ஏன் சுருங்குகிறது?

வடு மாங்காய் சீசன் வந்ததும் ஜாடியில் கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. ஆனால் ரெண்டு மூணு நாளில் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கிறது. வடு சுருங்கிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பதில் உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்றால், "அதெல்லாம் பரீட்சைக்குப் படம் போடறதுக்கு டாக்டர்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1665-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது வெறும் சுவரைத்தான். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி.

அந்தச் சுவர் தாவர செல்லின் சொத்து. செல்லுலோஸால் ஆனது. நமக்கு அது ஜீரணமாகாது; கீரையிலும் வாழைத்தண்டிலும் 'நார்ச்சத்து' என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சுவர்தான். சுவரை ஒட்டி உள்பக்கம் மெல்லிய செல் சவ்வு. நடுவில் வாக்குவோல் என்ற பெரிய தண்ணீர்ப் பை. முதிர்ந்த செல்லில் பெரும்பாலான இடத்தை இதுவே அடைத்துக்கொள்ளும். வெளியே உப்பு கூடினால், பைக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி உப்பு இருக்கும் பக்கம் ஓடிவிடும். மாவடு சமாசாரம் இவ்வளவுதான்.

நம் செல்லில் அந்தச் சுவர் கிடையாது. பெரிய தண்ணீர்ப் பையும், வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும் பசுங்கணிகமும் கிடையாது. மரபுச் செய்தியை வைத்திருக்கும் உட்கரு, புரதம் செய்யும் ரைபோசோம், சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. (செடிக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடும் பிள்ளைகள் ஏராளம். என் மகனும் அதில் ஒருவன்!)

ஆக, நம் செல்லுக்குக் காவல் அந்தச் சவ்வு ஒன்றுதான். ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். வெங்காயச் செல் விறைக்குமே தவிர வெடிக்காது, சுவர் தாங்கிக்கொள்ளும்.

சில வருஷங்களுக்கு முன்பு, பேதி கண்ட ஒண்ணரை வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். குழந்தை தண்ணீர், தண்ணீர் என்று தவித்தது. பிறகு கண் சொருக ஆரம்பித்தது. "வீட்டில் என்னம்மா கொடுத்தீங்க?" என்றேன். "உப்பு சர்க்கரைத் தண்ணிதான் டாக்டர். சீக்கிரம் தெம்பு வரட்டும்னு ஒரு டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளையின் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறும். வடு சுருங்குவது போலவே அதுவும் சுருங்கும். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். சித்த மருத்துவன் என்பதற்காக அங்கே கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்கார முடியுமா? உடனே ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதல்ல. குடல் செல்லின் சவ்வில் ஒரு வாசல் உண்டு. அதில் உப்பின் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் நுழையும். பின்னாலேயே தண்ணீரும் போகும். அதனால் அளவு முக்கியம். 2002-ல் உலக சுகாதார நிறுவனமே ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உப்பையும் குளுக்கோஸையும் முன்பைவிடக் குறைத்தது.

பாக்கெட் கிடைத்தால், அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு, தலைதட்டிய அளவில் அரை டீஸ்பூன் தூள் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. கொடுக்குமுன் நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கீழே கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை துவண்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.