தவணைக்கும் விடுப்பு உண்டா?

சில காலமாக ஒரே வதந்தி பல வாய்களின் வழியாக என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. “மெட்டர்னிட்டி லீவில் இருக்கிறவளுக்கு டியூ கிடையாதாம்” என்று தொடங்கும் அந்தச் செய்தி, ரிசர்வ் வங்கியே அப்படி ஓர் உத்தரவு பிறப்பித்திருப்பதாகவும், விடுப்புச் சான்றிதழின் நகலைக் கிளையில் கொடுத்துவிட்டால் ஆறு மாதத்துக்கு வட்டிகூட ஏறாதென்றும் வளர்ந்து, வாட்ஸ்அப்பில் அதைப் படித்த உறவினர் ஒருவரின் வாக்குச் சாதுரியத்தால் வலுப்பெற்று, நன்கு படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்களையே நம்பவைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட உத்தரவு கிடையாது. தனியார் வங்கிக்கும் இல்லை, அரசு வங்கிக்கும் இல்லை, வீட்டுக் கடனுக்கும் இல்லை, நகைக் கடனுக்கும் இல்லை.

இந்தப் பிரமைக்கு மூலம் 2020-ஆம் வருஷத்தில் இருக்கிறது. கொரோனா நோய் பரவி ஊரடங்கு அமலான அந்த மார்ச் மாதம் 27-ஆம் தேதி, மார்ச் 1 முதல் மே 31 வரை விழும் தவணைகளை ஒத்திவைக்கலாமென்று ரிசர்வ் வங்கி கடன் கொடுத்த ஸ்தாபனங்களுக்கு அனுமதி வழங்கிற்று. பின்னர் அந்தச் சலுகை ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அது அனுமதியே தவிரக் கட்டளையன்று. ஒத்திவைப்பே தவிரத் தள்ளுபடியன்று. அந்த ஆறு மாதமும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. வட்டியையே அடியோடு நீக்கவேண்டுமென்று தொடுக்கப்பட்ட வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23-ஆம் தேதி அதற்கு இணங்க மறுத்து, வட்டிக்கு வட்டி வாங்கலாகாது என்ற அளவில் மட்டுமே நிவாரணம் தந்தது. தேசம் முழுவதற்கும் வந்த ஆபத்தில், குறிப்பிட்ட மாதங்களுக்கென்று, வட்டியோடு அளிக்கப்பட்ட சலுகையை எடுத்து, அதில் ‘கொரோனா’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘பிரசவம்’ என்று எழுதிச் சுற்றுக்கு விட்டவர்கள், தாங்கள் யாருடைய குடும்பக் கணக்கோடு விளையாடுகிறோம் என்பதைச் சிறிதும் யோசிக்கவில்லை.

வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவன் நான். ஆகையால் தொகையைப் போட்டே காட்டிவிடுகிறேன். 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, 20 வருஷ காலம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 17,995 ரூபாய் ஆகும். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது வெறும் 2,995 ரூபாய். கடன் வாங்கிய புதிதிலேயே ஆறு தவணைகளை ஒத்திவைக்க வங்கி இசைந்து, ஏறிய வட்டியை மாதந்தோறும் அசலோடு சேர்த்துவருமானால், ஆறாம் மாத முடிவில் கடன் சுமார் 20,91,700 ரூபாயாக நிற்கும். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் 240 தவணைகளில் தீரவேண்டிய கடன் தீர 275 தவணைகள் வேண்டியிருக்கும். ஆறு மாதத்தில் கையில் நின்றது ஒரு லட்சத்து எட்டாயிரம். அதற்காகப் பிற்பாடு கூடுதலாகச் செலுத்துவது ஆறு லட்சத்துக்கும் மேல்! இதே பெண், வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பெற்று, அந்த ஆறு மாதமும் வட்டியான 15,000 ரூபாயை மாத்திரம் கட்டிவந்தால், அசல் 20 லட்சத்திலேயே நிற்கும். கூடுதல் செலவு 90,000 ரூபாயோடு முடிந்துவிடும். மாதம் மூவாயிரம் ரூபாய் குறைவதில் என்ன பெரிய சகாயம் என்று கேட்பவர்கள், முழுவதும் நிறுத்திவைப்பதன் விலையை மறுபடி ஒரு முறை பார்க்கட்டும்.

சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சலுகை தருவதும் மறுப்பதும் வங்கியின் இஷ்டம். தந்தாலும் சீரமைக்கப்பட்ட கடன் என்ற குறிப்பு கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறக்கூடும். அதை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். மேலாளர் வாய்வார்த்தையாக “பார்த்துக்கொள்ளலாம், அம்மா” என்று சொன்னதை நம்பித் தவணையைக் குறைத்துக் கட்டினால், குறைந்த தொகை நிலுவை என்றேதான் கணக்கில் ஏறும். சலுகையைக் கேட்காமலே சமாளிக்க உபாயம் உண்டா என்றால், உண்டு. பிரசவம் பல மாதங்கள் முன்னறிவிப்போடு வருகிற செலவு. சம்பளம் முழுதாக வரும் மாதங்களிலேயே இரண்டு மூன்று தவணைத் தொகையைத் தனியாக எடுத்துவைப்பவர்களுக்கு வங்கியின் வாசலில் நிற்கும் அவசியமே நேர்வதில்லை.

மற்ற நம்பிக்கைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். 90 நாள் வரை வங்கி கண்டுகொள்ளாது என்கிறார்கள்; 90 நாள் என்பது வாராக் கடனாக வகைப்படுத்தும் எல்லை, தவணை தப்பிய நாளிலிருந்தே கணக்கு கண்காணிப்பில் வந்துவிடுகிறது. தவணை தப்பினால் போலீஸ் வரும் என்று நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கடனைக் கட்ட இயலாமை குற்றமன்று, ஆனால் கொடுத்த காசோலையோ, தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளக் கொடுத்த ஈ.சி.எஸ். ஆணையோ கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அதற்குத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வசூலுக்கு வருபவர்கள் எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்பதும் தவறு: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது, குழுக் கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களுக்கோ காலை 9 முதல் மாலை 6 வரைதான். கிரெடிட் கார்டில் எடுத்து வீட்டுக் கடன் தவணையைக் கட்டும் யோசனையை நான் விவாதிக்கவே விரும்பவில்லை.

விவாதிக்கவேண்டியது வேறொன்று. விடுப்புக் காலத்தில் வருமானம் குறைவதுதான் இயற்கை என்ற அபிப்பிராயத்தைப் பெண்களும் அவர்கள் வீட்டாரும் ஏன் இத்தனை அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்? 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம், 2017-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் வரையில், விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரிச் சம்பளத்தையே, பாதியாகவோ முக்காலாகவோ அல்ல, முழுதாகக் கொடுக்கச் சொல்லிற்று. 2025-ஆம் வருஷம் அதன் இடத்தில் அமலுக்கு வந்த 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த 26 வாரம் அப்படியே இருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் சேர்ந்திருப்பவர்களுக்கு அந்தத் தொகையை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. ஓவர்டைம் கணக்கில் சேராது என்பதால் அதை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்குக் குறைவு நேரலாம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மேஜைக்கு முன்னால் வந்து தவணையைக் குறைக்கச் சொல்லிக் கண்ணீர் விட்டவர்களில் பலர் தனியார் பள்ளி ஆசிரியைகளும் சிறு மருத்துவமனைச் செவிலியர்களும் ஆவர். “எங்கள் இடத்தில் லீவு உண்டு, சம்பளம் கிடையாது” என்பதை ஏதோ ஊர் வழக்கத்தைச் சொல்வதுபோல் சொன்னார்கள். அவர்கள் பெற்றிருக்கவேண்டிய பணம் முதலாளியின் பெட்டியில் இருக்க, அதற்குரிய பரிகாரத்தை வங்கியிடம் வட்டியோடு விலைக்கு வாங்க வந்திருந்தார்கள். இது அநீதி. இதைக் கண்டு நான் பொறுமையிழப்பதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை.

சம்பளத்தைக் கேட்கும் முறையும் கடினமானதன்று. எந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வரமாட்டேன், அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை பார்க்கமாட்டேன், பணத்தை யாரிடம் கொடுக்கவேண்டும் என்ற மூன்று விஷயங்களையும் எழுதி முதலாளியிடம் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் பெற்றுக்கொள்ள வேண்டும். கர்ப்பத்துக்கு மருத்துவரின் சான்று காட்டினால் பிரசவத்துக்கு முந்திய காலத்துக்குரிய தொகையை முன்பணமாகவும், குழந்தை பிறந்ததற்குச் சான்று காட்டினால் மிச்சத்தை 48 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கொடுக்க மறுத்தாலோ, விடுப்பைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்கினாலோ, அந்த நகலோடும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளோடும் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனுக் கொடுக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு அலைய முடியாதென்றால் கணவரோ தகப்பனாரோ அந்த மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கட்டும்.